நாலு பேர் என்ன சொல்வார்கள்?

எல்லோருக்கும் வணக்கம். குடும்ப வன்முறையில் சிக்கியவர்களுக்கு உதவும் மையங்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பேசுகிறேன். அதற்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பைச் சொல்லிவிடுகிறேன்.

உதவி எண் ஒன்றில் நான் தன்னார்வலராகச் சேர்ந்த புதிது. இரவு பதினொரு மணி இருக்கும். போன் அடித்தது, எடுத்தேன். பேச்சே இல்லை. குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ விளையாடுகிறார்கள் என்று வைக்கப் போனேன். பக்கத்து மேசை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "குளியலறையிலிருந்து கூப்பிடுறா. பேசுறது வெளியே கேட்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து விட்டிருக்கா. ஆமாம்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டுன்னு சொல்லு." சொன்னேன். ஒரு தட்டு கேட்டது. இப்படியே பத்து நிமிடம். கடைசியில் அவள் வாயைத் திறந்து பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான்: "வெளியே தெரிஞ்சா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

அடிக்கிறவன் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். அப்போதும் அவளுக்கு நாலு பேரைப் பற்றிய கவலை. யார் அந்த நாலு பேர்? மாமியார், பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்ப்பவர், பிள்ளையின் டீச்சர். சுற்றி வளைப்பானேன், நாம்தான். (ஆண்களும் அடி வாங்குகிறார்கள், மறுக்கவில்லை. எனக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை, அதனால் 'அவள்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.)

உலகத்தில் மூன்று பெண்களில் ஏறத்தாழ ஒருவர் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையைச் சந்தித்திருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. அதில் பெரும்பகுதி கணவனோ துணைவனோ செய்தது. இந்த அரங்கத்தில் எத்தனை வரிசை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னதும் வரும் கேள்வி எனக்குத் தெரியும். "அவ்வளவு கஷ்டம் என்றால் ஏன் கிளம்பி வரவில்லை?" கையில் காசு கிடையாது, சான்றிதழ்கள் அவன் பீரோவில், பிள்ளைகள் தூங்குகிறார்கள், போனை அவன்தான் தினமும் திறந்து பார்க்கிறான். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொன்று வெளியே பலருக்குத் தெரியாது: அவள் கிளம்பும் நேரமும் கிளம்பிய பின் வரும் சில மாதங்களும்தான் உயிருக்கு அதிக ஆபத்தானவை. பிடி நழுவுகிறது என்று தெரிந்ததும் அவன் மூர்க்கமாகிறான். அதனால் "உடனே பையைத் தூக்கிக்கொண்டு வா" என்று வீராவேசமாகச் சொல்வது உதவி ஆகாது. அடையாள அட்டைகளின் நகலை யாரிடம் கொடுத்து வைப்பது, மாற்றுச் சாவி எங்கே, தினசரி மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது, எந்தக் குழந்தைக்கு எந்த பொம்மை இல்லாமல் தூக்கம் வராது என்று உட்கார்ந்து பேசி, அவள் சொல்லும் நாளில் கிளம்பத் துணை நிற்பதுதான் உதவி. பொம்மையை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதை எடுக்கத் திரும்பிப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

காப்பகம் என்ற ஏற்பாடே திட்டம் போட்டு வந்ததில்லை. 1971இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிஸ்ஸி என்பவர் சிலரோடு சேர்ந்து, பெண்கள் கூடிப் பேச ஒரு சின்ன வீட்டைத் திறந்தார். வந்தவர்களில் சிலர் உடம்பில் காயத்தோடு வந்தார்கள், வீட்டுக்குத் திரும்ப மறுத்தார்கள். பேச்சுக் கூடம் இரவு தங்கும் இடமாகிவிட்டது. மூன்றே ஆண்டுகளில் சிட்னியிலும் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்திலும் இப்படி வீடுகள் திறக்கப்பட்டன.

காப்பகம் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அடி வாங்கியவள் பிள்ளைகளோடு ஊர் மாறி ஒளிகிறாள், அடித்தவன் அதே கட்டிலில் தூங்குகிறான். ஆஸ்திரியாவில் 1997இல் வந்த சட்டம் இதைத் திருப்பிப் போட்டது. அவனைச் சில நாட்களுக்கு வீட்டை விட்டு வெளியேற்றும் அதிகாரத்தைப் போலீசுக்குக் கொடுத்தது. அப்படி வெளியேற்றினால் போலீஸ் அதை உதவி மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மையம் தானே அவளைக் கூப்பிடும். 'முதலில் அவள் வந்து கேட்கட்டும்' என்று காத்திருப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அப்புறம் மருந்துக் கடை. 2020இல் ஊரடங்கு வந்தபோது அடிக்கிறவனும் இருபத்து நான்கு மணி நேரமும் வீட்டிலேயே இருந்தான். போன் பேச வழியில்லை. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். மருந்துக் கடைக்குப் போய் "மாஸ்க் 19 வேண்டும்" என்று கேட்டால் போதும், கடைக்காரர் போலீசுக்குத் தகவல் கொடுப்பார். அவன் பக்கத்திலேயே நின்றாலும் அவனுக்கு அது முகக்கவசம் வாங்கும் பேச்சுதான். பிரிட்டனில் 2021இல் இதே போல இன்னொரு சங்கேதச் சொல் வந்தது. பெரிய கட்டடம் எதுவும் எழுப்பவில்லை. மருந்து எடுத்துக் கொடுப்பவருக்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வேலை இடத்தைப் பற்றி ஒரு வரி. பிலிப்பைன்ஸ் 2004ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இப்படிப்பட்ட பெண்களுக்குப் பத்து நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு கொடுத்துவிட்டது. கோர்ட்டுக்கும் மருத்துவரிடமும் போக நாள் வேண்டுமே.

சரி, நம்மிடமே ஒருத்தி வந்து சொன்னால்? நான் பார்த்தவரை நாம் முதலில் பஞ்சாயத்துக்குக் கிளம்புகிறோம். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் அனுசரித்துப் போ" என்கிறோம். அவன் முன்னால் உட்கார்ந்து அவள் எதைப் பேசுவாள்? பேசினால் இரவு வீட்டில் அதற்கும் சேர்த்து வாங்குவாள். கட்டாய சமரசத்தைத் தடை செய்ய வேண்டும் என்று 2011இல் ஐரோப்பிய நாடுகள் செய்த இஸ்தான்புல் உடன்படிக்கையில் தனிப் பிரிவே இருக்கிறது. அவளைத் தனியாக உட்காரவைத்து, குறுக்கே பேசாமல் கேளுங்கள். "நீ சொல்வதை நம்புகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு, "எந்த நேரத்தில் கூப்பிட்டால் உனக்குச் சிக்கல் இல்லை?" என்று கேளுங்கள். அவள் சொன்ன நேரத்தைத் தவிர வேறு நேரத்தில் மெசேஜ்கூட அனுப்பாதீர்கள்.

அவள் திரும்ப அவனிடமே போகலாம். ஒரு முறை அல்ல, ஐந்தாறு முறைகூடப் போகலாம். "இவ்வளவு செய்தும் போய்விட்டாளே" என்று எனக்கும் கோபம் வந்திருக்கிறது. ஒருத்தியிடம் அதைக் காட்டியும்விட்டேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவே இல்லை. இன்றும் அந்த அழைப்பு வராதா என்றிருக்கிறது.

போன மாதம் ஒரு மருத்துவமனையில் பெண்கள் கழிவறைக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டினோம். மேலே இரண்டு வரி, கீழே உதவி எண்ணை எட்டு முறை எழுதி, கிழித்துப் போக வசதியாகக் கத்தரித்து விட்டிருந்தோம். எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் எதுவும் போடவில்லை, அவன் கையில் கிடைத்தால் தையல்காரர் எண் என்று சொல்லிக்கொள்ளலாம். நேற்று போய்ப் பார்த்தேன். ஐந்து துண்டுகள் இருந்தன.