ஆரை

வணக்கம். திருகோணமலையில் உயர்தர மாணவிகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். ஒரு பெண் இரசாயன ஆய்வாளரைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். மேரி கியூரியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதனால் இன்றைக்கு நான் கல்கத்தாவுக்குப் போகிறேன். அவர் பெயர் அசீமா சட்டர்ஜி.

ஏன் அவர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் சின்னம்மாவுக்கு வலிப்பு இருந்தது. அவர் விழுந்தவுடன் யாராவது ஓடிப்போய்த் திறப்புக்கொத்தை எடுத்துவந்து கைக்குள் திணிப்பார்கள், இரும்பு பட்டால் நின்றுவிடும் என்று. எல்லாம் அடங்கிய பிறகு பார்த்தால் உள்ளங்கையில் திறப்பின் பல் பதிந்து சிவந்திருக்கும், அதற்கு எண்ணெய் தடவிவிடுவது என் வேலை. பல வருடம் கழித்து, இந்த அம்மையார் வலிப்புக்கு மருந்து தேடி ஆரையை ஆராய்ந்தார் என்று வாசித்தபோது எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. ஆரை தெரியும்தானே? தம்பலகாமத்து வயல் வாய்க்கால்களில் நாலு சிற்றிலையை விரித்துக்கொண்டு நிற்குமே, அதுதான்.

அசீமா 1917 இல் பிறந்தார். அப்பா வைத்தியர், செடிகொடிகளில் பிரியமுள்ளவர். 1940 இல் லேடி பிரபோர்ன் கல்லூரியில் இரசாயனவியல் துறையைத் தொடங்கிவைத்தார், 1944 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் பெற்றார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 1947 இல் கைக்குழந்தையோடு அமெரிக்கா போனார், பிறகு சூரிச்சில் பால் கரர் என்ற நோபல் பரிசாளரிடம் வேலை செய்துவிட்டு 1950 இல் ஊர் திரும்பினார்.

திரும்பி வந்து செய்த வேலையைத்தான் நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன். செடிகளிலுள்ள அல்கலோயிட்டு என்ற பொருள்களைப் பிரித்தெடுப்பது அது. அல்கலோயிட்டு என்றால் நைதரசன் உள்ள, பெரும்பாலும் காரத் தன்மையுள்ள பொருள்; பல மருந்துகளும் நஞ்சுகளும் இந்த வகைதான். இலையையோ வேரையோ உலர்த்தி, இடித்து, மதுசாரத்தில் ஊறவைக்க வேண்டும். அமிலம் விட்டால் அல்கலோயிட்டு உப்பாகித் தண்ணீருக்குள் வரும், பச்சையமும் மெழுகும் பின்தங்கிவிடும், அப்புறம் காரம் விட்டால் அது தண்ணீரை விட்டு வெளியே வரும். அதிலும் பல கலந்திருக்கும், ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டும், மூட்டைக் கணக்கில் இலை போட்டாலும் கடைசியில் மிஞ்சுவது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் தூள்தான். அந்தத் தூளின் மூலக்கூறு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று இன்றைக்கு ஒரு கருவி சொல்லிவிடும். அவர் தொடங்கிய காலத்தில் மூலக்கூறை உடைத்து, துண்டுகளை அடையாளம் கண்டு, முழுதாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக் கட்டவேண்டும். கருவிகளும் இரசாயனப் பொருள்களும் பணமும் தட்டுப்பாடான ஆய்வுகூடத்தில் இருந்துகொண்டுதான் இதைச் செய்தார்.

சர்ப்பகந்தா, ஏழிலைப்பாலை, நம் கடற்கரை மணலில் தானாகப் பூக்கும் பட்டிப்பூ என்று இவை எல்லாவற்றிலும் வேலை செய்தார். ஒன்றைச் சரியாகச் சொல்லவேண்டும். பட்டிப்பூவிலிருந்து புற்றுநோய் மருந்தைக் கண்டுபிடித்தவர் இவர் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த வின்பிளாஸ்டினை 1958 இல் பிரித்தவர்கள் கனடாவில் இருந்த நோபிளும் பியரும். அசீமாவுக்குப் பெருமை சேர்க்க இன்னொருவர் வேலையைத் தரவேண்டியதில்லை, அவர் செய்ததே நிறைய இருக்கிறது.

1961 இல் இந்தியாவின் பெரிய விஞ்ஞானப் பரிசான பட்நாகர் பரிசு கிடைத்தது, அதைப் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். 1967 இல் கணவரும் அப்பாவும் சில மாத இடைவெளியில் போய்விட்டார்கள். அவர் உடைந்துபோய் நோயிலும் விழுந்தார், பிறகு எழுந்து ஆய்வுகூடத்துக்கே திரும்பினார். 1975 இல் விஞ்ஞானிகளின் அமைப்பான இந்திய விஞ்ஞான காங்கிரசுக்குத் தலைவரானார், அங்கும் முதல் பெண். 2006 இல் காலமானார்.

வலிப்பு மருந்து ஆயுஷ்-56 என்ற பெயரில் வந்தது, ஆரையும் சடாமாஞ்சில் என்ற மூலிகையும் சேர்ந்தது. இதைக் கேட்டுவிட்டு ஆரையை அவித்துக் குடித்து, வைத்தியர் தந்த குளிசையை யாரும் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். பட்டிப்பூவை வாயில் வைக்கவே கூடாது, நஞ்சு. எது, எவ்வளவு, யாருக்கு என்று தெரியத்தான் அந்த அம்மையார் நாற்பது வருடம் உழைத்தார்.

நாளைக் காலை தம்பலகாமத்திலிருந்து வரும் என் மாணவிகள் இருவர் ஒரு பை ஆரை கொண்டுவருகிறார்கள். கழுவி ஆய்வுகூடத்து மேசையில் கடதாசி விரித்துப் பரப்பவேண்டும். காய ஒரு வாரமாவது ஆகும்.