ஒரேயொரு எதிர் ஹீலியத்தைத் தேடி

நண்பர்களே, வணக்கம்.

1912 ஆகஸ்ட் 7 அன்று இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூன் கூடையில் ஏறியபோது கூடவே மின்காட்டிகளையும் எடுத்துப் போனார். அந்தக் கருவிக்குள் மெல்லிய இரண்டு இழைகள் விலகி நிற்கும். கதிர்வீச்சு பட்டால் மின்னூட்டம் கசியும், இழைகள் நெருங்கும். கதிர்வீச்சு மண்ணிலிருந்துதான் வருகிறது என்றால் மேலே போகப் போகக் குறைய வேண்டும், இல்லையா? 5,000 மீட்டர் உயரத்திலோ இழைகள் இன்னும் சுருக்காக நெருங்கின. கதிர் வானத்திலிருந்து வந்துகொண்டிருந்தது! அதைத்தான் காஸ்மிக் கதிர் என்கிறோம்.

சரி, இன்றும் எதற்குப் பலூன்? காஸ்மிக் கதிர்த் துகள் காற்றில் மோதிச் சிதறிவிடுகிறது. தரைக்கு வருவது அதன் சிதறல்தான். சுமார் 36 கிலோமீட்டர் மேலே போனால் காற்றில் 99 சதவீதத்துக்கும் மேல் நம் காலடியில் கிடக்கும். அங்கே முழுத்துகளையே பிடிக்கலாம்.

ஜப்பானும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த பெஸ் கருவி அப்படிப் பிடித்தது. அதன் மீக்கடத்திக் (மின்தடையே இல்லாத கம்பிச்சுருள்) காந்தத்துக்குள் புரோட்டான் ஒரு பக்கம் வளையும்; அதே நிறையும் நேர் எதிரான மின்னூட்டமும் கொண்ட எதிர்ப்புரோட்டான் மறுபக்கம் வளையும். இதில் ஒரு சிக்கல் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். கீழிருந்து மேலே பாயும் சாதாரணப் புரோட்டானின் தடமும் அச்சு அசலாக எதிர்ப்புரோட்டானின் தடம் போலவே இருக்கும். அதனால் மேல்தட்டில் முதலில் பட்டதா, கீழ்த்தட்டில் முதலில் பட்டதா என்று நானோ நொடிக் கணக்கில் பார்க்கிறார்கள். அந்த நேர வித்தியாசத்திலிருந்தே துகளின் வேகமும் கிடைக்கும்; வேகத்தையும் வளைவையும் சேர்த்தால் நிறை தெரிந்துவிடும்.

2007 டிசம்பரில் அண்டார்டிகாவில் அதைப் பறக்கவிட்டார்கள். கோடையில் அங்கே சூரியன் மறைவதில்லை, காற்றும் துருவத்தைச் சுற்றியே வீசும், அதனால் பலூன் நாள் கணக்கில் மிதக்கும். காந்தம் வேலை செய்த 24 நாட்களுக்கும் சற்று அதிகமான காலத்தில் பதிவானவை 470 கோடி நிகழ்வுகள். அவற்றில் எதிர்ப்புரோட்டான்கள் ஏழாயிரத்துச் சொச்சம்தான். விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயுவில் காஸ்மிக் கதிர் மோதினாலே எதிர்ப்புரோட்டான் பிறக்கும், அதனால் அது ஆச்சரியமில்லை. ஆனால் அப்படிப்பட்ட மோதலில் எதிர் ஹீலியம், அதாவது எதிர்ப்புரோட்டான்களும் எதிர்நியூட்ரான்களும் சேர்ந்த கரு, பிறப்பது மிக மிக அரிது. ஒன்று கிடைத்திருந்தால் பிரபஞ்சத்தைப் பற்றிய நம் கணக்கையே திருப்பி எழுத வேண்டியிருந்திருக்கும். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பூஜ்யத்தை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். பதிவான அத்தனை ஹீலியத்தில் ஒன்றுகூட எதிர் ஹீலியம் இல்லை என்று துணிந்து சொல்ல அத்தனை நாள் பறந்திருக்க வேண்டும்.

அப்புறம் வந்த காப்ஸ் கருவியில் காந்தமே கிடையாது. எதிர்த்துகள் சிலிக்கானுக்குள் வேகம் குறைந்து நின்று, ஓர் அணுவோடு ஒட்டிக்கொள்ளும். அழிவதற்கு முன் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வீசும். அதைப் பார்த்துத்தான் எதிர் டியூட்டிரானை, அதாவது ஓர் எதிர்ப்புரோட்டானும் ஓர் எதிர்நியூட்ரானும் சேர்ந்த கருவை, அடையாளம் காண நினைக்கிறார்கள்.