செவ்விளநீரின் நிழல் என்ன நிறம்?

[காட்சி: வெள்ளைக் கடதாசி விரித்த மேசை. அதன்மேல் ஒரு செவ்விளநீர். இடப்பக்கம் யன்னல்.]

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இன்று காலை வாங்கிய செவ்விளநீர் இது. குடிப்பதற்கு முன் ஒரு மணி நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோம். சித்திரம் பழகத் தொடங்குபவருக்குக் கொழும்பில் இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது என்பேன். உருண்டு திரண்ட உடல், வழவழப்பான தோல், கலந்தே எடுக்கவேண்டிய செம்மஞ்சள் நிறம்.

முதலில் வெளிச்சம். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஒரு யன்னல் போதும். இரண்டு பக்கமிருந்து ஒளி விழுந்தால் நிழல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கண்ணைக் குழப்பும். வெளியில் வைத்து வரைவதானால் பிற்பகல் நான்கு மணிக்குப் பின் உட்காருங்கள். கொழும்பு பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் 'சூரியன் உச்சம் கொடுக்கிறது' என்று பத்திரிகைகள் எழுதுமே, அந்த நண்பகல்களில் நிழல் பொருளின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். மாலையில் காலிமுகத்திடலில் பட்டம் விடும் பிள்ளைகளின் நிழலைப் பாருங்கள், ஆளைவிட நீளமாகக் கிடக்கும். அந்தச் சாய்ந்த ஒளிதான் வடிவத்தைக் காட்டித் தரும்.

[காட்சி: ஒரே வரிசையில் ஐந்து கட்டங்கள். பென்சில் கடைசிக் கட்டத்தை நிரப்புகிறது.]

எச்.பி., 2பி, 6பி என்று மூன்று பென்சில்கள் போதும்; இந்த வரிசையில் மென்மையும் கறுப்பும் கூடிக்கொண்டே போகும். வெளிச்சத்திலிருந்து இருள்வரையான படிகளை முதலில் பழகுவோம். ஐந்து கட்டங்களில் கடைசியை 6பி பென்சிலால் எவ்வளவு கறுப்பாக்க முடியுமோ அவ்வளவு கறுப்பாக்குங்கள். முதற்கட்டம் வெறும் கடதாசி. பிறகு நடுக்கட்டம், அதன் பிறகு மற்ற இரண்டு. கறுப்பிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிதாக வரைபவர்கள் பயந்து பயந்து எல்லாவற்றையும் ஒரே சாம்பலில் நிறுத்திவிடுகிறார்கள், பழம் தட்டையாகிவிடுகிறது.

இப்போது கண்ணைப் பாதி மூடிச் செவ்விளநீரைப் பாருங்கள். யன்னல் பக்கம் ஓர் ஒளிப்புள்ளி. அதைச் சுற்றி வெளிச்சப் பகுதி. மெல்ல மங்கி, வலப்பக்கம் இருள். இருளின் அடிவிளிம்பில் நின்று கவனியுங்கள்: அங்கே மறுபடி சற்று வெளுக்கிறது. கீழே விரித்த வெள்ளைக் கடதாசி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கடதாசியை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணியை விரியுங்கள். அந்த வெளுப்பு அடங்கிப்போகும். இந்தத் திரும்பு ஒளியை முதன்முதலாகக் கண்டுகொள்ளும் நாளில் ஏற்படும் மகிழ்ச்சியைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஆனாலும் அதைக் கூடுதலாக வெளுக்க வைத்துவிடாதீர்கள். வெளிச்சப் பக்கத்தின் மிக மங்கலான இடத்தைவிடவும் அது இருண்டதாகவே இருக்கவேண்டும். கோடுகள் பழத்தின் வளைவோடு போகட்டும். விரலால் தேய்க்கவேண்டாம், விரலின் எண்ணெய் கடதாசியில் திட்டுத்திட்டாகப் படியும்.

[காட்சி: நீர்வர்ணத் தட்டு. மஞ்சளோடு சிவப்பு கலக்கிறது.]

செம்மஞ்சள் எளிது. மஞ்சளில் சிவப்பைத் துளித்துளியாகச் சேருங்கள், சிவப்பு வேகமாக மேலோங்கும். சிக்கல் நிழற்பக்கத்தில்தான். கை தானாகவே கறுப்பைத் தேடும். நிறுத்துங்கள். மஞ்சளில் கறுப்பைக் கலந்து பாருங்கள்: பாசி படிந்ததுபோல ஒரு பச்சை வரும். செம்மஞ்சளும் கறுப்பில் உயிரிழந்துவிடும். பதிலாக, நிறங்களை வட்டமாக அடுக்கிய வர்ணச் சக்கரத்தில் அதற்கு எதிரே இருக்கும் நீலத்தை எடுங்கள், அல்ட்ராமரீன் நல்லது. செம்மஞ்சளில் ஒரு துளி நீலம், அது செம்மண்ணாகும். இன்னொரு துளி, கபிலம். மேலும் சேர்த்தால் சாம்பல். ஏழு கட்டங்களில் இதை ஒருமுறை செய்து பார்த்தவர் நிழலுக்குக் கறுப்பை எளிதில் தொடமாட்டார்.

பள்ளிக்காலத்தில் நீலோற்பலம் வரையச் சிவப்பும் நீலமும் சேர்த்து ஊதா கலந்தேன். எத்தனை தடவை முயன்றும் சேற்று நிறம்தான் வந்தது. பல ஆண்டுகள் கழித்தே காரணம் தெரிந்தது. நான் எடுத்த சிவப்பு மஞ்சள் பக்கம் சாய்ந்த வெர்மிலியன். மஞ்சளும் ஊதாவும் எதிர் நிறங்கள். ஒன்றை ஒன்று அடித்துவிடும். ஊதாவுக்கு நீலம் பக்கம் சாய்ந்த கிரிம்சன் வேண்டும். இதை யாராவது அன்றே சொல்லியிருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு இன்னமும் உண்டு.

[காட்சி: ஒரே சாம்பல் நிறத்தில் இரண்டு சதுரங்கள். ஒன்று செம்மஞ்சள்மேல், மற்றது நீலத்தின்மேல்.]

இரண்டும் ஒரே வர்ணத்தால் தீட்டியவை. செம்மஞ்சள்மேல் இருப்பது நீலம் பாய்ந்ததாகத் தெரிகிறதல்லவா? பாரிசின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயமிடுதலுக்குப் பொறுப்பாக இருந்த இரசாயனவியலாளர் செவ்ரூலிடம், கறுப்பு நூலில் கறுப்பே போதவில்லை என்று முறைப்பாடு வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூல்களின் நிறமே கறுப்பை மாற்றிக் காட்டுகிறது என்று அவர் கண்டார். 1839இல் அதை நூலாகவும் வெளியிட்டார். சேலைக்கு ரவிக்கைத் துணி தேடுபவர்கள் துண்டைச் சேலைமேலேயே வைத்துப் பார்ப்பதும் இதனால்தான். தட்டில் சரியாகத் தோன்றும் நிழல் நிறம் படத்தில் மாறித் தெரியலாம். ஆகவே பழத்தின் செம்மஞ்சளைத் தீட்டி, அதன் பக்கத்தில் வைத்தே நிழலின் நிறத்தை முடிவுசெய்யுங்கள். நீர்வர்ணம் காயும்போது வெளுக்கும் என்பதால் ஒரு படி கூடுதலாகவே தீட்டலாம்.

ஒளிப்புள்ளிக்கு வெள்ளை வர்ணம் வேண்டாம். தொடக்கத்திலேயே பென்சிலால் மெல்லிய வட்டமிட்டு, தூரிகை படாமல் விட்டுவிடுங்கள். கடதாசியின் வெண்மையே அந்த ஒளி.