பத்தொன்பதாவது இலத்திரன்

வணக்கம் நேயர்களே. களுவாஞ்சிக்குடியில் உயர்தர வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: “சேர், மூன்றாம் ஓட்டில 18 இலத்திரன் இருக்கலாம் எண்டு சொன்னீங்க. பிறகேன் பொற்றாசியத்துக்கு 2, 8, 8, 1? 2, 8, 9 எண்டு எழுதினா என்ன பிழை?”

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஓடு என்பது அணுவின் கருவைச் சுற்றி இலத்திரன்கள் இருக்கும் அடுக்கு. பொற்றாசியத்தின் 19 இலத்திரன்களும் உள்ளிருந்து வெளியே ஓட்டுக்கு எத்தனை என்பதுதான் 2, 8, 8, 1. சாதாரண தரத்தில் பிள்ளைகள் 2, 8, 8 என்று பாடமாக்கிவிட்டு வருகிறார்கள். எட்டோடு ஓடு நிரம்பிவிட்டது என்று நினைப்பு. அது நிரம்பவில்லை.

ஓடு என்பது ஒரே அறை அல்ல. மூன்றாம் ஓட்டுக்குள் எஸ், பீ, டி என்று மூன்று உப சக்தி மட்டங்கள் உண்டு. அந்த மட்டங்களுக்குள் இலத்திரன் இருக்கும் இடத்துக்கு ஒபிற்றல் என்று பெயர். ஓர் ஒபிற்றலில் இரண்டு இலத்திரன்தான் என்பது 1925இல் பௌதிகவியலாளர் பவுலி சொன்ன விதி. அதன்படி எஸ்ஸில் 2, பீயில் 6, டியில் 10. 18 இலத்திரன் உள்ள ஆகனோடு மூன்றாம் ஓட்டின் எஸ்ஸும் பீயும் முடிகின்றன. பத்தொன்பதாவதுக்கு அடுத்த இடம் 3டி, அதாவது மூன்றாம் ஓட்டின் டிதானே என்று தோன்றும். ஆனால் இலத்திரன் ஓட்டின் இலக்கத்தைப் பார்த்துப் போவதில்லை, சக்தி குறைந்த இடத்துக்கே போகும். நான்காம் ஓட்டின் எஸ்ஸில், அதாவது 4எஸ்ஸில், உள்ள இலத்திரன் பெரும்பாலும் வெளியில் இருந்தாலும், இடைக்கிடை உள் இலத்திரன்களைத் தாண்டிக் கருவுக்குக் கிட்டப் போய்வரும். அதனால் கரு அதைக் கூடுதலாக இழுக்கிறது. பொற்றாசியத்தில் 4எஸ், 3டியைவிடத் தாழ்ந்து கிடப்பது இதனால்தான்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பொற்றாசிய அணுவின் கடைசி இலத்திரனைக் கழற்ற 4.34 இலத்திரன் வோல்ற்று சக்தி வேண்டும். அது 3டியில் இருந்திருந்தால் 1.67 போதும். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது 2, 8, 9 என்று எப்படி எழுதுவது?

அப்புறம், வயலுக்குப் போடுகிற, பொற்றாசியம் உள்ள பொட்டாஷ் பசளையில் ஒரு சிட்டிகை எடுத்து, ஈரக் கம்பி நுனியில் ஒட்டி, பன்சன் சுடரில் பிடித்தோம். பசளையில் கலந்திருக்கும் கறியுப்பின் சோடிய மஞ்சள்தான் முதலில் மேலோங்கியது. நீலக் கண்ணாடி வழியே பார்த்ததும் மஞ்சள் மறைந்து, மெல்லிய ஊதா தெரிந்தது. மேலே 4பீ, 5பீ மட்டங்களுக்கு ஏறிய அந்த ஒற்றை இலத்திரன் திரும்ப 4எஸ்ஸில் வந்து விழும்போது விடுகிற ஒளி அது.

கண்ணாடியை யாருக்கும் கொடுக்காமல் அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்த நாள் குரோமியத்தோடு வந்தாள்: “சேர், இதில மட்டும் ஏன் 4எஸ்ஸில ஒண்டு?”