நாளைக்குப் பதினைந்து மைல்

அவையோருக்கு வணக்கம்.

1840, 50-களில் அமெரிக்காவின் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஓரிகனுக்குக் கூண்டு வண்டி கட்டிப் போன குடும்பங்களுக்குத் தூரம் சுமார் 2,000 மைல். காலம் நான்கிலிருந்து ஆறு மாதம். சினிமா பார்த்த நமக்குப் பூர்வகுடிகளின் வில்லும் அம்பும்தான் நினைவுக்கு வரும். ஆனால் வழியில் மாண்டவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது நோய். 1849-க்குப் பின் சில ஆண்டுகள் வழியிலிருந்த பிளாட் ஆற்றோரம் காலரா வாரிக்கொண்டு போனது.

வண்டிப் பெட்டி பத்தடி நீளம், நாலடி அகலம்தான். ஒரு டன் பாரத்துக்கு மேல் ஏற்றினால் மாடு தாங்காது. ஆளுக்கு 150 பவுண்டு மாவு, 25 பவுண்டு உப்பிட்ட பன்றிக்கறி என்று ஏற்றியபின் உட்கார இடம் ஏது? வண்டியில் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்கும் கிடையாது, குலுக்கல் தாங்காது. பிள்ளைகள் உட்பட எல்லோரும் நடந்தார்கள். ஓட்டுபவரும் மாட்டின் இடப்பக்கமாக நடந்தே ஓட்டினார். குதிரையைவிட மாடு மெதுவாகப் போகும். மணிக்கு இரண்டு மைல். ஆனால் வழியோரப் புல்லைத் தின்றே உழைக்கும். அதனால்தான் பயணத் தேதியையே புல் முடிவு செய்தது. ஏப்ரல் கடைசிக்கு முன் கிளம்பினால் மேய்ச்சல் இல்லை. மிகவும் தாமதித்தால் மலையில் பனி மறித்துக்கொள்ளும்.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மேய்ந்த மாடுகளைத் தேடிப் பிடித்து நுகத்தில் பூட்டி, ஏழு மணிக்குள் நகர வேண்டும். இரவில் வண்டிகளை வட்டமாக நிறுத்திச் சங்கிலியால் பிணைத்தார்கள். பெரும்பாலும் அது மாடுகளுக்கான பட்டிதான்.

தினசரித் தலைவலி சக்கரம். ஈரக்காற்றில் செய்த மரம், வறண்ட சமவெளிக்கு வந்ததும் சுருங்கும். ஆரக்கால்கள் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் ஆடும். வட்டையை, அதாவது சக்கரத்தின் மர விளிம்பை, சுற்றிய இரும்புப் பட்டா தளர்ந்து கழன்றுவிடும். சக்கரத்தை இரவெல்லாம் ஆற்றில் ஊறப்போட்டால் மரம் உப்பிப் பட்டா இறுகும். காய்ந்ததும் பழைய கதைதான். வண்டியை நிறுத்திச் செய்கிற பழுதுபார்ப்பு வேறு: பட்டாவைக் கழற்றி, வட்டையின் மேல் மெல்லிய மரச்சிலாம்பு வைத்து ஆணியடித்து, பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி, உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றத் தாமதித்தால் வட்டை கருகிப்போகும். தாரும் கொழுப்பும் கலந்த வண்டி மை வாளியில் பின்னச்சில் தொங்கும். அது தீர்ந்தால் கறிக்கொழுப்பைத்தான் அச்சுக்குப் பூசினார்கள்.

குளம்பு தேய்வது அடுத்த தொல்லை. மாட்டுக் குளம்பு பிளவுபட்டது. ஒரு காலுக்கு இரண்டு லாடம், மொத்தம் எட்டு. மாடு குதிரைபோல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்காது. கீழே தள்ளிக் கட்டித்தான் அடிக்க வேண்டும்.

ஆழமான ஆறு என்றால் பெட்டியின் இடுக்குகளைத் தாரால் அடைத்துப் படகாக மிதக்கவிட்டார்கள். இறக்கம் அதைவிட மோசம். 1846-இல் திறந்த பார்லோ பாதை என்ற மலைவழியில் வண்டிக்கு 5 டாலர் சுங்கம்; அதைக் கட்டியும் அந்த வழியிலுள்ள லாரல் குன்றில் சக்கரங்களைச் சுழலாமல் பூட்டி, கயிற்றை மரங்களில் சுற்றி, பிடித்துப் பிடித்து விட்டுத்தான் இறக்கினார்கள். கயிறு போதாத இடத்தில் வெட்டிய மரமொன்றை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கவிட்டார்கள், அதுதான் பிரேக்.