ஊரான் வீட்டு நெய்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, ஒலிபெருக்கியும் நாற்காலிகளும் தந்து உதவிய வணிகர் சங்கப் பெருமக்களே, காமிக்ஸ் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய நூலகர் அம்மையாருக்குத் தனியாக ஒரு நன்றி. அடுத்த முறை ஆடைக்குப் பதிலாகப் புத்தகமே தாருங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

பழைய காமிக்ஸை ஸ்கேன் செய்து இணையத்தில் பகிரலாமா? சட்டம், அறம், ஆபத்து ஆகிய மூன்றையும் பேசச் சொன்னார்கள்.

சிவகாசியில் 1972-இல் இரும்புக்கை மாயாவி என்ற நாயகனின் கதையோடு முத்து காமிக்ஸ் இதழ் தொடங்கியது. 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. அந்த இதழ்களுக்காகப் பழைய புத்தகக் கடைகளில் அலைந்தவர்கள் இங்கே பாதிப்பேர் இருப்பீர்கள். கிடைக்காத ஏக்கத்தில் பிறந்ததுதான் ஸ்கேன். ஆனால் மாயாவி பிரிட்டிஷ் காமிக்ஸில் பிறந்தவர். உரிமம் பெற்றுத்தான் தமிழில் அச்சிட முடியும். மறுபதிப்பு கடைக்கு வரும் முன்பே கோப்பு எல்லார் கைபேசியிலும் இருந்தால், பணம் போட்டவர் கதி என்ன? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், ஓர் இதழின் துருப்பிடித்த பின்னைப் பிரித்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, மஞ்சள் கறையைக் கணினியில் நீக்கி, விட்டுப்போன இரண்டு பக்கங்களை இன்னொருவரிடம் கெஞ்சி வாங்கிச் சேர்த்தார். கடைசிப் பக்கத்தில் தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டு இலவசமாக வெளியிட்டார். பாராட்டு மழை! பிறகு எவனோ அதை அச்செடுத்து, அவர் பெயரை வெட்டிவிட்டு, புத்தகமாகக் கட்டி விற்றான். "என் உழைப்பைத் திருடிவிட்டான்" என்று அன்பர் கொதித்தார். அந்தக் கொதிப்பு அடங்குமுன் கதையின் உரிமையாளரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது, விற்றவனுக்கு அல்ல, அன்பருக்கு. மூலக் கோப்பில் இருந்தது அவருடைய எண்தானே! நெய் யாருடையது என்று அன்றுதான் வீட்டில் பேச்சு எழுந்தது.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, தெரிந்தே உரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. வணிக லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம், குற்றம் குற்றம்தான்.

அறத்தைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. அதைவிட அவசரமானது நூலகம். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, நம் கிளை நூலகத்தில் ஒரு காமிக்ஸ் அலமாரி உண்டா? புத்தகம் அங்கே இருந்தால், பிள்ளைகள் ஊரான் நெய்யைத் தேடி ஏன் போகிறார்கள்? மறுபதிப்புகளை நூலகம் விலை கொடுத்து வாங்கட்டும். வைத்திருப்பவர்கள் பழைய இதழ்களை நன்கொடையாகத் தரட்டும். என் பங்குக் கட்டு இதோ மேடையில் இருக்கிறது. மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. ஒவ்வொருவரும் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.