தலைமையும் கைப்பழக்கம்

(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. மேடையில் விட்டுப்போன ஓரிரு வரிகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, என்னை அழைத்து இந்த ஒலிபெருக்கியின் முன் நிறுத்தியிருக்கும் மன்றச் செயலாளர் அவர்களே, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கரும்பலகையின் முன் நின்று இன்று நம்மோடு மேடையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, நூலகர் ஐயா அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பின்வரிசையிலும் சுவரோரத்திலும் நின்றுகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைமையாசிரியை அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. வரவேற்புரையில் அவருடைய பட்டங்களைச் சொன்னார்கள். நான் வேறொன்றைச் சொல்கிறேன். அவர் பள்ளியில் ஆண்டு விழா என்றால் மேடையில் ஆசிரியர் யாரும் இருக்க மாட்டார்கள். அழைப்பிதழ் எழுதுவதிலிருந்து விளக்கை அணைத்துப் பூட்டுவது வரை எல்லாம் மாணவர்கள் பொறுப்பு. அம்மா கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நான் இன்று பேசப்போவது முழுவதும் அந்தக் கடைசி வரிசை நாற்காலியைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அம்மா, உங்களுக்கு என் தனி வணக்கம். நூலகர் ஐயாவுக்கும் நன்றி. இன்றைக்கு வேண்டிய தகவல்களைத் தேட, நூலகத்தை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைத்திருந்தார்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, சமூக வளர்ச்சியில் இளைஞர்களின் பங்கும் தலைமையும். இதில் மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன். ஒன்று, குழுக்களுக்குள் எந்த இளைஞர்கள் வருகிறார்கள், யார் வராமலே போகிறார்கள் என்பது. இரண்டாவது, அவர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பது. மூன்றாவது, பணம்.

நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். படம் வரைவது எப்படி என்று பத்து வகுப்பு கேட்டுவிட்டு யாரும் ஓவியர் ஆவதில்லை. கோல் பிடித்து, கோடு கோணி, தாளைக் கிழித்துப் போட்டு, மறுபடியும் வரைந்தால்தான் கை படியும். தலைமையும் அப்படித்தான். அதுவும் கைப்பழக்கம். நாம் என்ன செய்கிறோம்? "நாளைய தலைவர்களே" என்று அழைத்துவிட்டு, இன்றைக்குக் கோலைக் கையில் கொடுக்க மறுக்கிறோம்.

உலகத்தில் இதைப் பற்றிப் பேசாத ஆண்டே இல்லை. 1985ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச இளைஞர் ஆண்டாக அறிவித்தது. பங்கேற்பு, வளர்ச்சி, அமைதி என்று மூன்று சொற்களை அதற்கு முழக்கமாக வைத்தார்கள். பங்கேற்புதான் முதல் சொல் என்பதைக் கவனியுங்கள். 1989இல் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை வந்தது. தங்களைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்து வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கப்படவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆவது பிரிவு. 2015 டிசம்பரில் பாதுகாப்புச் சபையே 2250 என்ற எண்ணில் இளைஞர்களுக்காக ஒரு தீர்மானம் போட்டது. சரி, இத்தனைக்கும் பிறகு நிலைமை என்ன? உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். உலக நாடாளுமன்றங்களின் உறுப்பினர்களில் அந்த வயதினர் 3 சதவீதம்கூட இல்லை என்று நாடாளுமன்றங்களுக்கு இடையிலான ஒன்றியம் 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. நாடாளுமன்றம் தூரம். உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயற்குழுவை எண்ணிப் பாருங்கள். அங்கே என்ன கணக்கு வருகிறது?

1992இல் ரோஜர் ஹார்ட் என்ற அறிஞர், ஐ.நா. குழந்தைகள் நிதியத்துக்காக எழுதிய கட்டுரையில் ஓர் ஏணியைக் காட்டினார். எட்டுப் படிகள். கீழே இருக்கும் மூன்றும் பங்கேற்பே இல்லை என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார். முதல் படியில் பிள்ளைகளைப் பெரியவர்கள் தங்கள் காரியத்துக்குக் கருவியாக ஆட்டிவைக்கிறார்கள். இரண்டாம் படியில் அவர்கள் வெறும் அலங்காரம்; ஒரே நிறச் சட்டை போட்டு மேடையில் நிற்க வைக்கிறோம், எதற்காக நிற்கிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. மூன்றாவது, பெயரளவுக்கு ஓர் இடம். பேச அழைப்போம், பேசியதை எழுதிக்கொள்ள மாட்டோம். மேலே போகப் போகத்தான் கலந்து பேசுவதும், சேர்ந்து முடிவெடுப்பதும், இளையவர்களே தொடங்குவதும் வருகின்றன. எட்டாவது படி எனக்கு மிகவும் பிடிக்கும். இளையவர்கள் தொடங்கிவைத்து, பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுக்கும் படி அது. பெரியவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தும் படியை அவர் உச்சியில் வைக்கவில்லை. முன்வரிசைப் பெரியோர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும்.

இப்போது என் கதை ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு அப்போது 19 வயது. ஒரு சங்கத்தில் உறுப்பினர். அந்தச் சங்கம் ஒரு படிப்பகம் நடத்திவந்தது. மூன்று ஆண்டுகளாக என் வேலை என்ன தெரியுமா? நாற்காலி போடுவது, பேனர் கட்டுவது, மேடையில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, கூட்டம் முடிந்ததும் நாற்காலியை அடுக்குவது. ஒரு பொதுக்குழுவில் துணிந்து கையைத் தூக்கினேன். "படிப்பகக் கூரை இரண்டு வருஷமாக ஒழுகுகிறதே, ஏன் சரிசெய்யவில்லை?" என்று கேட்டேன். மேடையிலிருந்து பதில் வந்தது: "தம்பி, அந்த நாற்காலியைக் கொஞ்சம் முன்னாடி இழுத்துப் போடு." இழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்ய?

அடுத்த ஆண்டு எங்கள் பொருளாளருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. எழுத முடியவில்லை. நாற்காலி போட்டுக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, பீரோச் சாவியையும் கணக்கு நோட்டையும் கையில் கொடுத்தார். "நான் சொல்கிறேன், நீ எழுது" என்றார். முதல் வாரம் அவர் சொன்னார், நான் எழுதினேன். இரண்டாம் வாரம் பாதிதான் சொன்னார். மூன்றாம் வாரம் "நீயே எழுதிவிட்டு எனக்குப் படித்துக் காட்டு" என்றார்.

மாதக் கடைசியில் கணக்கை முடித்தேன். நோட்டில் இருக்கும் இருப்புக்கும் பெட்டியில் இருக்கும் பணத்துக்கும் ஒட்டவில்லை. பணம் குறைந்தது. மூன்று முறை எண்ணினேன். இரவு தூங்கவில்லை. திருடன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். விடிந்ததும் கடன் வாங்கிய பணத்தோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "ஐயா, இதைப் போட்டு நேர்செய்து விடுகிறேன்" என்றேன். கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "கைக்காசைப் போட்டால் கணக்கு நேராகிவிடும் தம்பி, தப்பு எங்கே என்று உனக்குத் தெரியாமலே போய்விடும். ரசீதுகளை எடு." ஒவ்வொன்றாக வாசித்தேன். நாற்பதோ ஐம்பதோ ரசீதுகள். கடைசியில் கண்டுபிடித்தோம். ஒரே நன்கொடை ரசீதை நான் இரண்டு முறை வரவில் எழுதியிருந்தேன்.

அப்புறம் அவர் ஒன்று செய்தார். செயற்குழுவில் அதை நானே எழுந்து சொல்ல வேண்டும் என்றார். கால் நடுங்க எழுந்து சொன்னேன். ஒருவரும் திட்டவில்லை. "திருத்தியாயிற்றா? சரி, அடுத்த பொருள்" என்றார்கள். நாற்காலி போடும் பையனாக அந்த அறைக்குள் போனவன், வெளியே வரும்போது அந்தச் சங்கத்தின் ஆளாக வந்தேன்.

கதை இன்னும் முடியவில்லை. கணக்கை எழுதப் பழைய நோட்டுகளைப் புரட்டினேன் அல்லவா? கூரைப் பழுதுக்கு என்றே ஒருவர் கொடுத்த நன்கொடை வங்கியில் அப்படியே கிடந்தது! யாரும் மறைக்கவில்லை. மூன்று இடத்தில் போய் விலைப்புள்ளி வாங்கிவர ஆள் இல்லை, மறந்துபோய்விட்டார்கள். நாங்கள் ஆறு பேர் கிளம்பினோம். ஒரே வாரத்தில் மூன்று விலைப்புள்ளிகள் வந்தன. அடுத்த மழைக்கு முன்னால் கூரை சரியாகிவிட்டது. கை தூக்கிக் கேட்டபோது கிடைக்காத பதில் அந்த நோட்டுக்குள் இருந்தது.

அன்றிலிருந்து நான் எந்த மேடையில் ஏறினாலும் ஒரே கோரிக்கையைத்தான் வைக்கிறேன். என் நண்பர்களுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்கும். ஆனாலும் நிறைவேறும்வரை சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு சங்கமும், மன்றமும், கூட்டமைப்பும் தன் ஆண்டு நிதியில் பத்தில் ஒரு பங்கை 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் கொடுக்கட்டும். என்ன செய்வது என்று அவர்களே யோசிக்கட்டும், வாக்கெடுத்து முடிவு செய்யட்டும், செலவழிக்கட்டும், ரசீது வாங்கட்டும், பொதுக்குழுவில் எழுந்து கணக்கை வாசிக்கட்டும். காசோலையில் இரண்டு கையெழுத்து, ஒன்று இளையவருடையது, ஒன்று மூத்தவருடையது. வரவு செலவை மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

இது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989இல், நகராட்சிப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்பதை மக்களே கூடி முடிவு செய்யும் முறையைத் தொடங்கியது. அது பல நாடுகளுக்குப் பரவியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014இல் 10 லட்சம் டாலரை இளையவர்களுக்கு என்றே ஒதுக்கியது. 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் யோசனை சொன்னார்கள், திட்டமாக எழுதினார்கள், வாக்களித்தார்கள். பள்ளிகளுக்கு மடிக்கணினி, பூங்காவுக்கு நடைபாதை, ஓவியம் வரையச் சுவர்கள் என்று தேர்ந்தெடுத்தார்கள். 12 வயதுப் பிள்ளை நகரத்தின் பணத்துக்கு வாக்களிக்கலாம் என்றால், 22 வயதுப் பெண் நம் சங்கத்தின் கணக்கைத் தொடக் கூடாதா? பின்லாந்தில் ஒவ்வொரு நகராட்சியிலும் இளைஞர் மன்றம் இருக்க வேண்டும் என்று உள்ளாட்சிச் சட்டமே சொல்கிறது. நைஜீரியாவில் இளைஞர்கள் நடத்திய இயக்கத்தால் 2018இல் அரசியலமைப்பே திருத்தப்பட்டது. குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடும் வயது 40இலிருந்து 35 ஆகக் குறைந்தது. கேட்டால்தான் கிடைக்கிறது, தம்பி தங்கைகளே.

"பணத்தை வீணாக்கிவிட்டால்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் வீணாகும். நாம் போட்ட திட்டங்களில் வீணாகாதது எத்தனை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். சித்திரமும் கைப்பழக்கம் என்றால், நாலு தாள் கிழியத்தான் செய்யும். அதற்காகத்தான் முழு நிதியையும் கேட்காமல் பத்தில் ஒன்று கேட்கிறேன்.

பயிற்சியைப் பற்றியும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் முகாம், சான்றிதழ், குழுப் படம், இவற்றில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கூட்டக் குறிப்பு எழுதுவது, விலைப்புள்ளி கேட்பது, மனு எழுதி அதன் பின்னாலேயே நடப்பது, முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு பேரை ஒரே மேசையில் உட்கார வைப்பது, இதெல்லாம் வேலையில்தான் வரும். பக்கத்தில் அந்தப் பொருளாளரைப் போல ஒருவர் மட்டும் இருந்தால் போதும்.

முதல் செய்தியாக வராதவர்களைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். வேலைக்குப் போகும் இளைஞர்கள், மாலைக் கூட்டத்துக்கு வீட்டில் அனுமதி கிடைக்காத பெண்கள், படியேற முடியாத காரணத்தால் மாடியில் நடக்கும் கூட்டத்துக்கு வராதவர்கள். அதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்குப் பின்னால் இன்னும் இருவர் பேச வேண்டும்.

தலைவர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த மன்றத்தின் பொதுக்குழு அடுத்த மாதம் கூடுகிறது என்று செயலாளர் சொன்னார். பத்தில் ஒரு பங்கு குறித்த தீர்மானத்தை நேற்று இரவு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரே பக்கம்தான். இதோ உங்கள் கையில் தருகிறேன். இன்னொரு பிரதி வாசலில் மேசை மேல் இருக்கிறது. மன்றத்தின் இளைய உறுப்பினர் ஒருவர், 17 வயதுத் தங்கை, அங்கே பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். வெளியே போகும்போது படித்துப் பாருங்கள். சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள். திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள், அவர் குறித்துக்கொள்வார். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.